நான் நகர்த்தச் சொன்ன கோடு

அன்பு மகன் எத்தியெனுக்கு உன் அப்பா எழுதுவது. நீயும் ஹெதரும் பிள்ளைகள் இரண்டு பேரும் மெல்போர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அதை எழுதப் பேனா ஓடவில்லை, நானும் அம்மாவும் இருக்கிறோம் என்று வைத்துக்கொள். வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதாசி போடுகிறான் என்று யோசிப்பாய். போனில் பேசும்போது அம்மா சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், இதில் இருப்பது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. இப்போது அவளும் மரிஸ்டெல்லா சித்தியும் பூசைக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவதற்குள் எழுதித் தபாலில் சேர்த்துவிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உறையின் பின்பக்கம் நம் தீவின் நடுவே ரபாத்தில் இருக்கும் சித்தி வீட்டு முகவரியைப் பார்த்திருப்பாய். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், அதனால் கொஞ்ச நாள் சித்தியோடு இருக்கிறோம் என்று நானும் அம்மாவும் உன்னிடம் சொன்னது நீ கவலைப்படக்கூடாது என்று சொன்ன பொய். வீட்டை விட்டு வந்து ஏழு வாரம் ஆகிறது. உள்ளே யாரும் நுழையக்கூடாது என்று கதவில் தாள் ஒட்டிவிட்டார்கள். நம் வீட்டுப் பின்சுவரை ஒட்டி கிரேன்காரன் ஸெப்பு ஐந்து மாடிக்குக் கடைக்கால் தோண்டினான். சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளித் தோண்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அவன் எவ்வளவு தள்ளினான் என்பது அவனுக்கும் அவன் இயந்திரத்துக்கும்தான் வெளிச்சம். நம் ஊர்க் கல்லைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மரம் அறுக்கிற ரம்பத்தால் அறுக்கலாம். காலை ஏழு மணிக்கு அவன் ஆரம்பித்தால் அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும், அம்மா அவற்றுக்கு இடையில் துணி செருகி வைப்பாள். ஒரு வியாழக்கிழமை காலையில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் எடுக்க மழைநீர் சேர்க்கிற நம் கிணற்றில் வாளியை விட்டாள், வாளி டங்கென்று பாறையில் மோதியது. முதல் நாள் வரை முக்கால் கிணறு தண்ணீர் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அது ஸெப்புவின் குழியில் முழங்கால் அளவு நிற்கிறது, அவன் ஆட்கள் மோட்டார் வைத்துச் சந்தில் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாரிக்காலம் முழுக்க நம் மொட்டை மாடியில் விழுந்த மழை, எத்தியென், அடுத்த வீட்டு நாயின் காலடியில் ஓடியது.

அடுத்த வாரமே அடுக்களையிலிருந்து உன் அறை வரைக்கும் சுவர் பிளந்தது. முதலில் நகம் நுழையும் அளவு, பிறகு கையே நுழைந்தது. அரசாங்க எஞ்சினியர் ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், வந்து பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னாள். அம்மா முதலில் தூக்கியது மாதா சுரூபத்தையும் இல்லை, உன் கலியாணப் படத்தையும் இல்லை, அடுப்பில் வெந்துகொண்டிருந்த முயல் கறிச் சட்டியைத்தான். சட்டியோடு சந்தில் நின்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

இனிதான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். போன தேர்தலுக்கு முந்திய கிறிஸ்துமஸுக்கு நீ போனில் பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாய், நம் கோஸோத் தீவில் வீடு கட்ட ஒரு துண்டு மண் இருந்தால் நான் ஏன் இங்கே வந்து கிடக்கிறேன் என்று. நீ பேச்சுவாக்கில் சொன்னாய், எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. நம்மிடம் மண் இருந்தது, வீட்டுக்குப் பின்னால் பஜாதா அண்ணன் தம்பிகளின் வயல், அதற்கும் அந்தப் பக்கம் நம் அவரை போடுகிற துண்டு. ஆனால் ஊருக்கு என்று அரசாங்கம் போட்ட கோடு நம் பின்சுவரோடு நின்றுவிட்டது, கோட்டுக்கு வெளியே ஒரு கோழிக்கூடு கட்டக்கூட அனுமதி கிடையாது. அப்போதுதான் நம் கட்சி வேட்பாளர், ஆட்டுக்காரர் வீட்டு டாக்டர், ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். நம் நாட்டில் அமைச்சர் ஆகப்போகிறவரும் நம் அடுக்களை நாற்காலியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். இந்தத் தீவின் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் நூறு என்பார்கள், இங்கே யாருக்கு யார் அந்நியன்? நம் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே கட்சி, உனக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முந்தியே கட்சி மன்றத்துக்குத் தூக்கிப்போய்க் காட்டினேன். அம்மா ஆட்டுப் பாலாடைக்கட்டி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து நான் கேட்டேன், என் மகன் திரும்பி வர வேண்டும், அந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று. அவர் என் முழங்காலில் தட்டி, “ஒரு கோடுதானே விஸ்டின்? நகத்திட்டாப் போச்சு. வெளிய மூச்சு விடாதீங்க, அப்புறம் ஊரே வந்து வரிசைல நிக்கும்” என்றார். ஓட்டுச் சீட்டில் நான் அவர் பெயருக்கு நேரே முதல் விருப்பமாக ஒன்று என்று போட்டேன். அம்மாவைப் போட வைத்தேன், சித்தியைப் போட வைத்தேன், எதிர்க்கட்சிக்காரனான சித்தியின் மருமகனையும் இரண்டாம் எண்ணாவது போடு என்று காலைப் பிடித்தேன்.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு வருடத்தில் புது வரைபடம் வந்தது, நம் துண்டு கோட்டுக்கு உள்ளே. அன்றைக்கு ஒரு பாட்டில் ஒயினை ஒண்டியாகக் குடித்தேன். உனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை, அனுமதித் தாள் கையில் வந்த பிறகு இரண்டு பேரையும் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. நம் துண்டு உள்ளே வர வேண்டுமென்றால் கோடு பஜாதா வயலைத் தாண்டித்தானே வர வேண்டும்? வரைபடத்தைப் பார்த்த பச்சைப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கும், எழுபத்திரண்டு வயது மரமண்டைக்குத் தெரியவில்லை. நம் துண்டை உள்ளே சேர்த்த அதே கோடு பதின்மூன்று வயல்களை உள்ளே சேர்த்தது. அண்ணன் தம்பிகள் ஒரு மாதம்கூடக் காக்கவில்லை, ஸெப்புவுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். ஐந்து மாடி கட்டப் போவதாகச் சந்து முனையில் அறிவிப்பு ஒட்டினார்கள், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் எழுதலாம். சந்தில் எல்லாரும் ஒரு ஆட்சேப மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தடுத்தேன். அந்தக் காகிதம் எதிர்க்கட்சிக்காரர்கள் கொண்டுவந்தது, நம் கட்சி ஆட்சியில் நாம் அதில் கை வைத்தால் ஊர் சிரிக்கும் என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள், ஐம்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள், அந்தக் காரணத்தில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. உண்மையான காரணம் வேறு. அந்தக் கோடு தப்பு என்று எழுதினால் உன் துண்டும் வெளியே போய்விடுமே என்ற பயம். டாக்டரின் ஆளும் அதையே சொல்லி வைத்திருந்தான், சத்தம் போட்டால் எல்லாருக்கும் நஷ்டம் என்று. அப்படியாக என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன்.

வீடு காலியான மறுவாரம் முதல் கப்பலைப் பிடித்து அக்கரையில் பெரிய தீவுக்குப் போனேன், சிர்கெவ்வா துறையிலிருந்து பஸ்ஸில் தலைநகர் வல்லெட்டா. டாக்டர் இப்போது அமைச்சர். வாசலில் எனக்கு முன்னால் முப்பது பேர் காத்திருந்தார்கள், பாதிப் பேர் நம் தீவுக்காரர்கள், ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கவில்லை, எல்லாரும் எதையோ கேட்க வந்தவர்கள். மூன்று மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். கட்டிப்பிடித்தார், அம்மாவைப் பெயர் சொல்லி, ஜுடித்தா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஸெப்பு மீது வழக்குப் போடுங்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தீர்ப்பு வரும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, இதற்காகவா உங்களுக்கு ஓட்டுப் போட்டோம் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாக, “விஸ்டின், நீங்க கேட்டதத்தானே செஞ்சேன்?” என்றார். திரும்பி வரும்போது கப்பல் மேல்தளத்தில் நின்றேன். நம் கரையின் இம்ஜார் துறைமுகமும் மாதா கோயிலும் கிட்டே வர வர, இறங்கி எந்த வீட்டுக்குப் போவது என்று கால் கேட்டது.

இப்போது மறுபடியும் தேர்தல் வைத்துவிட்டார்கள். போன செவ்வாய் கட்சி ஆள் சித்தி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். உன் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதாம், வெளிநாட்டில் இருக்கிறவன் என்று பெயரை அடிக்க வைக்க எதிர்க்கட்சி கண்ணில் அது இன்னும் படவில்லையாம், படுவதற்குள் நீ வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போக வேண்டுமாம், லண்டன் வரைக்கும் வந்துவிட்டால் அங்கிருந்து டிக்கெட் மலிவாம். சுவரைப் பற்றிக் கேட்டேன், தேர்தல் முடியட்டும் என்றான். அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன் என்று எழுத ஆசைதான். காபி போட்டுக் கொடுத்தேன், தம்பி. சர்க்கரை எத்தனை என்றுகூடக் கேட்டேன். நம் லட்சணம் அப்படி.

ஓட்டுக்கும் வராதே, நீ சொன்ன ஆகஸ்டுக்கும் வராதே. பிள்ளைகளுக்கு மாடியிலிருந்து உப்பளத்தையும் கடலையும் காட்ட வேண்டும் என்றாயே, அந்தப் பக்கம் இப்போது ஸெப்புவின் குழியும் அவன் கிரேனும்தான். நம் அவரைத் துண்டு அவனுடைய நிலத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டிருக்கிறது, போக வழி கிடையாது, அவனுக்கே விற்பதைத் தவிர வேறு போக்கில்லை. விற்று என்ன, விற்காமல் என்ன. அம்மா மட்டும் ஆகஸ்டுக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், சித்தி வீட்டுத் தொட்டியில் உன் அறையின் திரைச்சீலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். எஞ்சினியர் பெண் என்னிடம் தனியாகச் சொன்னது அவளுக்குத் தெரியாது, இடிக்கத்தான் வேண்டும் என்றாள். நீயே ஏதாவது காரணம் சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போடு, வேலையில் விடுப்பு இல்லை என்று சொல், உன் மேல் இரண்டு நாள் கோபப்படுவாள், பரவாயில்லை. உன் வேலையை விட்டுவிடாதே. ஹெதர் முகம் கோணாமல் நடந்துகொள், அந்த ஊரை உன் ஊராக நினைத்துக்கொள், அங்கே வீடு வாங்கினால் பின்பக்கம் யாருடைய மண் என்று முதலில் பார். பொடியனுக்கு மூச்சிரைப்பு என்றாயே, குளிர்காலத்தில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே விடாதே.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் உறையை ஒட்டினால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது. சாயந்தரம் ஆறு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் ஜெபமாலை சொல்கிறோம். ஐந்தாவது பத்து முடிந்ததும் அம்மா தன் பங்குக்கு ஒரு வேண்டுதல் சேர்க்கிறாள். ஸெப்புவைச் சபிக்கவில்லை, அவன் குழி தோண்டிப் பிழைக்கிறவன் என்கிறாள். டாக்டரையும் சபிக்கவில்லை. கோடு தானாக நகராது, யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, “அந்தக் கோட்ட நகத்தச் சொன்னவன் யாரா இருந்தாலும் சரி, ஆண்டவரே, அவனுக்குச் சொந்த வீட்டுல சாவு வரக்கூடாது” என்கிறாள். சித்தி ஆமென் என்கிறாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள், நானும் ஆமென் சொல்கிறேன். ஏழு வாரமாகத் தினமும் சொல்கிறேன். அவள் வேண்டியது பலித்துவிட்டது என்று எந்த வாயால் நான் அவளிடம் சொல்வேன்?

இதைப் படித்ததும் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல் வானிலையையும் தக்காளியையும் பற்றிப் பேசு, உன் குரலில் எதுவும் தெரியக்கூடாது, அவள் குரலைக் கேட்டே காய்ச்சல் கண்டுபிடிக்கிறவள். உனக்கும் ஹெதருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் இருக்கிற கூரை உங்கள் தலைக்கு மேல் நிலைத்து நிற்கட்டும். அங்கே கோயில் பக்கம் போனால் உன் அப்பாவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள், அம்மா வேண்டுவதற்கு எதிராக யாராவது ஒருத்தர் வேண்ட வேண்டும், என்னால் முடியவில்லை.

உன் அப்பா
விஸ்டின்
ரபாத், கோஸோ