டிரைவின் வாயில் வைத்த சந்தனம்

ரிச்சித் தெருக் கடைக்காரர் நம்முடைய பழைய பிளாப்பி டிரைவின் மூடியைத் திருகிக் கழற்றியதும் முதலில் வந்தது சந்தன வாசனை. இத்தனை வருஷம் கழித்தும் வந்தது.

"இன்னாம்மா இது, யாரு இதுக்குப் பொட்டு வெச்சது?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

தி.நகரில் நீ வாட்ச்மேனாக இருந்த கம்ப்யூட்டர் கிளாஸை மூடும்போது, யாருக்கும் வேண்டாத பழசு என்று உனக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். டிவியில் மாட்ட வேண்டும். பக்கத்தில் தனியாக ஒரு டிரைவ், செங்கல் கனம். ஆயுத பூஜைக்கு என் மீன் அரிவாள்மனை, தராசு, உன் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அதனிடம் வந்தாய். "சாப்புடுற வாய் மே, இங்கதான் வெக்கணும்" என்று சந்தனத்தைக் குழைத்து, பிளாப்பி நுழைகிற அதன் வாயிலேயே அப்பினாய். மறுநாள் பிளாப்பியைப் போட்டதும் கரகரவென்று கத்திவிட்டு நின்றது.

"சாமி கும்புட்டே கொன்னுட்டியேய்யா" என்றேன்.

"உடு மே. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாய். லீவு நாளெல்லாம் தேடினாய். வாங்காமலே போய்விட்டாய்.

அந்த ஒரே பிளாப்பியில்தான் என் பெயர் இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து, ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினாய். "கடைசி எழுத்து கீது பாரு, கொம்பு வெச்சுக்கினு, அதுக்கே என் உசுரு போச்சு" என்பாய். டிரைவ் கரகரக்கும்போது, "இரு மே, வந்துக்கினே கீற" என்பாய். பிறகு டிவியில் மஞ்சளாக 'அஞ்சலை' என்று ஓடும். ரேஷன் கார்டில்கூட என் பெயர் தப்பாகத்தான் இருக்கிறது. தப்பில்லாமல், அதுவும் ஒளி போட்டு எழுதியவன் நீ ஒருத்தன். அதை இன்னொரு தடவை பார்க்கத்தான் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனேன்.

பழையது இனித் தேறாது என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் கையகலத்தில் ஒரு டிரைவைக் காட்டினார். அது லேப்டாப்புக்காம். நம் பிளாப்பி அப்பளம் அகலம், அதில் நுழையாது. இன்னொன்று, தீப்பெட்டி போல. நம் கம்ப்யூட்டரோடு அழகாகச் சேர்ந்துகொள்ளும் என்றார்.

"அப்போ பிளாப்பிய எங்க போடுறது?"

"இதுல பிளாப்பியே கெடையாதும்மா. போன்ல போடுற கார்டுதான்."

"பேரு பிளாப்பிலதானே நைனா கீது."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், நம்முடையது போலவே ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார். அதே வாய், அதே உருண்டை பிளக். தன்னிடம் இருந்த வேறு பிளாப்பியைப் போட்டு ஓட்டிக் காட்டினார். ஓடியது. நான் நம்முடையதை உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் அதை உள்ளே போடவில்லை.

"பூஞ்சணம் புடிச்சிக்கீதும்மா. வூடு எங்க?"

"பட்டினப்பாக்கம்."

"அதான், கடல் காத்து. இத உள்ள போட்டா படிச்சாலும் படிக்கும். இல்லாட்டி மேல கீற பூச்சு உரிஞ்சு வந்துடும். அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது."

"தொடச்சிட்டுப் போட்டா?"

"தொடைக்கும்போதே உரியலாம். என்னால கேரண்டி குடுக்க முடியாது. நீயே முடிவு பண்ணிக்கம்மா."

நான் எந்த முடிவை எடுத்தேன், நீ இருந்தவரைக்கும்? டிரைவை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீ மாட்டுவது போலவே மாட்டினேன். டிவியில் அந்த நீலம் வந்தது. டிரைவில் சின்ன விளக்கு எரிந்தது, கரகரவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் மாறவே இல்லையய்யா. "இரு மே" என்று நீ சொல்லப்போகிறாய் என்று திரும்பியே பார்த்துவிட்டேன்.

மீன் கடை முடிந்து வந்ததும் தினமும் போட்டுப் பார்க்கிறேன், பிளாப்பி இல்லாமல். பிளாப்பியை எடுத்து வாய்வரைக்கும் கொண்டுபோவேன், உறையில் திரும்ப வைப்பேன். போட்டால் போய்விடுமோ என்று பயம். போடாவிட்டால் எதற்கு வாங்கினாய் என்று நீ கேட்பாய். நாளாக ஆக இன்னும் பூஞ்சணம் ஏறும், அதுவும் தெரிகிறது. தெரிந்தும் கை போகமாட்டேன் என்கிறது.

இந்த ஆயுத பூஜைக்குப் புது டிரைவுக்கும் சந்தனம் வைத்தேன். வாயில் இல்லை. பின்பக்கம், ஒயருக்கும் தள்ளி, ஒரே ஒரு புள்ளி. விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நெற்றிக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, துடைக்கவும் மனசு வரவில்லை. அது விரலிலேயே காய்கிறவரைக்கும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.