முதுகில் கறையில்லாத சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாய். கைப்பிடியையாவது பிடித்துக்கொண்டு ஏறு.

நான் துணி துவைக்கும் ஹாக்கி கிளப்பில் எங்கள் கோல்கீப்பர் ஓய்வு பெறுகிறார். அவருடைய முப்பத்தொன்றாம் எண்ணை இனி யாருக்கும் தராமல், சட்டையைச் சுவரில் மாட்டலாமா என்று பெரிய வாக்குவாதம்.

"ஒரு கோப்பைகூட வாங்கித் தரல. அவருக்கு எதுக்கு அந்த மரியாதை?" என்றார் மேனேஜர்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஒன்பது வருஷமா அவர் சட்டைய நான்தான் சார் துவைக்கிறேன். பந்து பட்ட கறையெல்லாம் நெஞ்சுலதான். முதுகுல ஒண்ணுகூடப் பாத்ததில்ல. எவ்வளவு வேகமா வந்தாலும் மனுஷன் திரும்பினதே இல்ல" என்று சொல்லிவிட்டேன். பயப்படாதே, வேலை போகவில்லை. மேனேஜர் என் கையிலிருந்த அந்தச் சட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்று அது சுவரேறிவிட்டது. ஆணி அடித்தது நான்தான்!

மெஷின் நின்றுவிட்டது, துணியை எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று அம்மா. நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால், நான் அங்கே இருந்தபோது என் சட்டையை மாட்டிய கொக்கியில் இப்போது தம்பி பையை மாட்டுகிறானாம், அக்கா சொன்னாள். நானும் கோப்பை எதுவும் வாங்கித் தரவில்லைதான். ஆனாலும் அந்தக் கொக்கி காலியாகவே இருக்கட்டும்.

உன் மூத்த மகன்