சொன்னதைக் கேட்காத நாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி பரவாயில்லையா?

இங்கே கடைகளில் நாய், பூனை விற்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம்தான், கூண்டு கழுவிய எனக்குத் தெரியாதா. எங்கள் கடையில் விலைபோகாத நாய் கறுப்பனைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக நேற்று ஒரு பெண் வந்தாள். தன் மொழியில் அதை உட்காரச் சொன்னாள். அது என் முகத்தைப் பார்த்தது. எட்டு மாதமாக அதனிடம் தமிழில்தான் பேசினேன். வேறு யாரிடம் பேசுவது? இதை எடுத்துச் சொல்ல எனக்கு அவள் மொழி போதவில்லை. கையிலிருந்த படிவத்தில், சொன்னதைக் கேட்குமா என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். அப்படிப்பட்ட நாயை யாரும் வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். வண்டிக் கதவைச் சாத்தும்போது, “உக்காருடா” என்றேன். உட்கார்ந்தது. அவள் பார்க்கவில்லை.

முதலாளி என்னையும் போகச் சொல்லிவிட்டார். கவலைப்படாதே. தைலம் ஒரு புட்டி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் என்னை நாலு வார்த்தை அதட்டு. கேட்டு நாளாகிறது.

அவசரத்தில்,
உன் மகன்