சாரா வரைந்த அப்பா

மெட்டுகுடா, செகந்திராபாத்
2 ஜூலை 2024

பிரியமுள்ள சாரா அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் குழந்தையும் சுகம். மஸ்கட் வெயில் உங்களை ரொம்பப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம்.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. நேற்றும் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் காகிதம். இதைக் கோபத்தில் மடக்கி எறிந்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் அல்லவா?

ஆமாம், உங்களைக் கேட்காமல்தான் சாராவைச் சைனிக்புரிப் பள்ளியில் சேர்த்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அங்கே சைகை மொழியில்தான் பாடம். டீச்சர் பெயர் ஜுலைகா. அவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஒரு கதையை முதலில் கையால் சொல்கிறார். பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு கையால் திருப்பிச் சொன்ன பிறகு, அதே கதையைப் போர்டில் இங்கிலீஷில் எழுதிப் படிக்க வைக்கிறார். சைகை ஒரு மொழி, எழுத்து இன்னொரு மொழி, இரண்டும் வேண்டும் என்கிறார்கள்.

மூன்று வருடம் பஸ் மாறி மாறிக் குகட்பள்ளிக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனவள் நான். காது மெஷின் பலன் தரவில்லை, ஆபரேஷனுக்கும் நரம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். உதட்டைப் பார்த்து அவள் பிடித்த வார்த்தைகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். குழந்தைக்கு ஆறு வயதாகிவிட்டது. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று பெற்றவளுக்கே தெரியாமல் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது?

கோபம் தணிந்ததும் எழுதுங்கள்.

உங்கள்
பிளெசி

மஸ்கட்
18 ஜூலை 2024

அன்பு பிளெசி,

கல்யாணமான புதிதில் பார்த்த உன் கையெழுத்தை இப்போதுதான் மறுபடி பார்க்கிறேன். அந்தச் சந்தோஷம் இரண்டாவது பத்தி வரைதான் நின்றது.

கை காட்டிப் பழகிவிட்டால் பிள்ளை வாய் திறக்காது என்று தெரபிஸ்ட் மேடம் படித்துப் படித்துச் சொன்னார்கள். அவள் கை மடியில் இருக்கட்டும், நீங்களும் கையை ஆட்டாதீர்கள், உதட்டை மட்டும் பார்க்கட்டும் என்றார்கள். நான் ஒரு நாளும் அதை மீறியதில்லை. போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்தை அருகே வைத்து, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் அவளிடம் பேசுகிறேன். ரூமில் கூட இருக்கும் ஆண்டனிகூடக் கேலி செய்கிறான். எல்லாம் யாருக்காக?

சபையில் அவள் கையை ஆட்டிக்கொண்டு நிற்க, ஊமை என்று ஜனங்கள் பரிதாபப்படுவதை என்னால் தாங்க முடியாது. தமிழ் என்ன ஆவது? கையும் இங்கிலீஷும் என்றால் நம் பாஷை அவளுக்கு எங்கே? அவள் வாயால் ஒரு தடவை அப்பா என்று கூப்பிட வேண்டும், பிளெசி. அதைக் கேட்காமல் நான் சாகக் கூடாது.

சென்னையில் பேச்சுப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஹாஸ்டலோடு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவில் வந்து நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இதுதான் முடிவு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எல்வின்

மெட்டுகுடா
11 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள சாரா அப்பாவுக்கு,

ஹாஸ்டல் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களே வந்து நின்றாலும் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது நல்ல செய்தி. உங்கள் மகள் போன புதன்கிழமை என்னிடம் ஒரு பொய் சொன்னாள். டிபன் டப்பாவில் வைத்த பீட்ரூட் பொரியல் எங்கே என்று கையால் கேட்டேன். நானும் சனிக்கிழமைகளில் தாய்மார் வகுப்புக்குப் போகிறேன். வகுப்புக்குள் நாய் வந்ததாம், பெரிய நாயாம், பக்கத்தில் உட்காரும் கோபியின் டப்பாவை முகர்ந்து பார்த்து அது பிடிக்காமல் இவள் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போனதாம். நாய் வாலை ஆட்டியதைக்கூட விடாமல் காட்டினாள். ரோட்டில் கொட்டினாளா என்று ஆட்டோ சலீம் பாயிடம் விசாரித்தால், "ஹவ் அம்மா", ஆமாம் என்று சிரிக்கிறார்.

அடிக்கவா தோன்றும்? கட்டிக்கொண்டு அழுதேன். பொய் சொல்வதற்கும் ஒரு பாஷை வேண்டுமே. அது அவளுக்கு வந்துவிட்டது.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். இதோடு வைத்திருக்கிறேன். என் கை, அவள் கை, ஜுலைகா டீச்சர் கை எல்லாம் முறம் மாதிரி. நடுவில் நீங்கள். மீசை, கண்ணாடி, சிரிப்பு எல்லாம் இருக்கிறது. கை மட்டும் இல்லை. மறந்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை, அப்பாவுக்குக் கை கிடையாது என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "கை இருந்தால் தண்ணி தந்திருப்பார்" என்றாள்.

உங்கள் போன லீவில் அவளுக்கு மூன்றரை வயது. வாயால் தண்ணி என்று சொன்னால்தான் தம்ளரைக் கொடுப்பது என்று, மேடம் சொன்னபடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அவள் கெஞ்சிப் பார்த்துவிட்டு, போய் பாத்ரூம் பக்கெட்டில் மொண்டு குடித்தாள். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. ஆனால் உங்கள்மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. கை இல்லாத அப்பா எப்படித் தருவார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

தமிழ் எங்கே என்று கேட்டீர்கள். போனில் நீங்கள் பேசும் தமிழ் அவளுக்கு எட்டாது. எழுதினால் எட்டும். அதே சைகைகளைக் காட்டி நான் வீட்டில் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுக்கிறேன். எழுதிப் பாருங்கள்.

பிளெசி

மஸ்கட்
30 ஆகஸ்ட் 2024

அன்பு பிளெசி,

படத்தைப் பார்த்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஆண்டனியிடமும் காட்டவில்லை.

சென்னைக்குப் பேசி இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பா என்று கூப்பிட்டுக் கேட்கும் ஆசை போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அது என் ஆசை. அதற்காகப் பிள்ளையைத் தவிக்க விடக் கூடாது.

வெள்ளிக்கிழமை லீவில் இன்டர்நெட்டில் பார்த்துச் சைகை பழகுகிறேன். இந்த வயதில் விரல் வளைய மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை அலமாரியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன். அவளிடம் முன்கூட்டியே சொல்லாதே. போன் முடிந்த பிறகு கீழே இருப்பதை அவளிடம் கொடு.

எல்வின்

சாராச் செல்லம்,
அப்பாவுக்குக் கை இருக்கு.
இரண்டு கை இருக்கு.
கிறிஸ்துமஸுக்கு வருவேன்.
உனக்கு என்ன வேண்டும்?
அப்பா

மெட்டுகுடா
22 செப்டம்பர் 2024

பிரியமுள்ள சாரா அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமைக் கூத்தில் நீங்கள் பார்த்தது பாதிதான். நீங்கள் கையைத் தூக்கியதும் அவள் போனைப் பிடுங்கித் திருப்பி, பின்பக்கம் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். அப்புறம் பக்கத்து வீட்டு லலிதாவை மாவுக் கையோடு இழுத்துவந்து, அப்பா, கை, அப்பா, கை என்று காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று நினைத்து நீங்கள் காட்டியது வேறு என்னவோ. என்ன என்று நேரில் சொல்கிறேன். இப்போது சொன்னால் மறுபடி கையைக் கட்டிக்கொள்வீர்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷம்தான்.

உங்கள் சீட்டை அவளே விரல் வைத்துப் படித்தாள். தெரியாத வார்த்தைக்கு நான் சைகை காட்டினேன். என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்களே, சைக்கிள், பொம்மை என்று நீளும் என்றுதான் நினைத்தேன். அவள் கையால் சொல்லச் சொல்ல நான் எழுதிக் காட்டினேன், அவள் பார்த்து எழுதினாள். முதல் வார்த்தையை மட்டும் பார்த்து எழுதவில்லை. அது அவளுக்கே தெரிந்திருக்கிறது.

நான் சொல்லிக்கொடுத்தது இதில் ஒன்றுமில்லை. பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்
பிளெசி

அப்பா
உன் கை நல்லா இருக்கு.
வா.
நான் தண்ணி கேட்பேன்.
கையால் கேட்பேன்.
நீ தா.
சாரா