பாலைவன ஊற்றில் நீ பார்த்ததும் நான் சொன்னதும்

மச்சான்,

நேற்றுக் காரின் பனிக்கால ரயர்களை எடுக்க நிலவறைக்குப் போனேன். அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த பையொன்றை இழுத்தால், உள்ளே நீ தண்ணீருக்குள் சுழியோடப் போட்ட கண்ணாடி. ரப்பர் பட்டி காய்ந்து வெடித்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பழைய ரப்பர் மணம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அந்த மணத்தோடு வெயிலில் சுட்ட சீமெந்து நிலமும், ஈரத் துவாயும், நீ தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து மூச்சு வாங்கிய சத்தமும் வந்துவிட்டன. இங்கே, ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில், வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் ரயர்களுக்கு மேல் குந்தியிருந்து, நீ போன பிறகு முதல் தடவையாக, உன்னோடு வாய்விட்டுக் கதைத்தேன். பிறகு மேலே வந்து எழுதத் தொடங்கினேன்.

நாங்கள் சந்தித்த இடத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைச்சாலை. நீ மன்னார்க் கரையில் பிறந்தவன். நடக்கத் தொடங்கியபோதே நீந்தவும் தொடங்கியதாகச் சொல்வாய். நான் யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரை வாளியால் அள்ளித் தலையில் ஊற்றி வளர்ந்தவன். இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் நான் நின்றதே இல்லை. அதை வைத்து நீ என்னை எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பாய்.

உன் கண்ணில் ஏதோ பிழை என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நினைக்கிறேன். குளிர்கால மாலைகளில் வேலை முடிந்து ரயிலுக்கு நடக்கும்போது நீ ஆட்களோடு முட்டிக்கொள்வாய். தேவாலயத்தில் பின்னேரப் பூசைக்கு வந்த சில பேர், "இவன் குடிச்சிட்டு வாறான்" என்று கதைத்தது உன் காதுக்கும் வந்தது. ஒருநாள் துணி ஏற்றிய தள்ளுவண்டி உன் இடது பக்கத்தால் வந்தது. நான் கத்தினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது உன் காலில் ஏறியது. கண் மருத்துவர் நெடுநேரம் சோதித்துவிட்டு, உன் பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது, இப்போதே ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறாய், அந்தக் குழாய் இன்னும் ஒடுங்கும் என்றார். நிற்பாட்ட மருந்து இல்லை என்றார்.

ரயிலில் திரும்பி வந்து ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் இறங்கினோம். மேடையில் நின்று நீ சொன்னாய்:

"எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியுமெண்டு நினைச்சனடா. பக்கத்திலை ஒண்டும் தெரியாதெண்டு."

அப்போது ஊரில் போர்நிறுத்தம், சமாதானக் காலம். ஒஸ்லோவில் இருந்த எங்கள் சனமெல்லாம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் பறந்துகொண்டிருந்தது. நீயும் மன்னாருக்குப் போவாய் என்றுதான் உன் மனைவி ரெஜினா நினைத்தாள். நீ போகவில்லை. போய் வந்த உன் தமையன், உங்கள் கரையில் கடற்படை முகாம் இருக்கிறது, கம்பி வேலிக்கு அங்காலே விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பதிலாக, சலவைச்சாலையின் சாப்பாட்டு அறையில் தொங்கிய கலண்டரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் வைத்தாய். அமெரிக்காவில், ரெக்சாஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பாலைவனப் பூங்கா ஒன்றுக்குள் பெரியதொரு நீச்சல் தடாகம். நிலத்துக்குள்ளிருந்து ஊற்று வந்து நிரப்புவதாகக் கீழே எழுதியிருந்தது.

"உனக்கென்ன விசரே?" என்றேன். "குளிக்கிறதுக்குப் பாலைவனத்துக்கோ?"

"அடி வரைக்கும் தெளிவாத் தெரியிற தண்ணியை இன்னொருக்காப் பாக்கவேணும் மச்சான். இஞ்சத்தைக் கடல் கறுப்பு. நீ கார் ஓடினாப் போதும். எனக்கினி ஓடேலாது."

விமான நிலையத்தில் ரெஜினா உன்னைச் சிரித்துக்கொண்டுதான் அனுப்பினாள். நீ பெட்டியைக் கொடுக்க வரிசையில் நின்றபோது என்னை ஒரு பக்கம் கூப்பிட்டாள். "அண்ணை, அவரைத் தனிய விடாதேங்கோ. கொஞ்ச நாளா அவரின்ரை கதை ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வசனத்தை அத்திலாந்திக்குக்கு மேலால் நான்தான் சுமந்துகொண்டு போனேன்.

எல் பாசோவில் இறங்கி வாடகைக்குக் கார் எடுத்தோம். நிலமெல்லாம் மண்ணும் முட்புதரும். தூரத்து மலைகள் மட்டும் எங்களோடு கூடவே வந்தன. வெக்கை கண்ணாடிக்கு வெளியே நடுங்கியது. இந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் கிடைத்தாலே பெரிய காரியம் என்று நான் சொன்னேன். நீ நேரே முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்கு முன்னால் மட்டுந்தானே இருந்தது.

பூங்கா வாசலில் இருந்த பெண்ணுக்கு வெயிலில் சுருங்கிய முகம், தலையில் வைக்கோல் தொப்பி. நோர்வேயிலிருந்து வருகிறோம் என்றதும் எங்கள் இருவரின் நிறத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீ கேட்டாய். மலைகளுக்குக் கீழால் வருகிறது, அதில் பெரும்பகுதி பல்லாயிரம் வருடங்களுக்கு முன் பெய்த மழை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றாள்.

நீ அப்படியே நின்றுவிட்டாய். பிறகு என்னிடம் மெதுவாக, "கர்த்தர் பிறக்க முதல் பேஞ்ச மழையடா" என்றாய்.

பெரிய மரங்களைத் தாண்டினோம். அந்த முதல் காட்சியை எத்தனையோ தரம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தரம் சொல்கிறேன். தடாகம் என்று நான் நினைத்தது நீலத் தரை பதித்த தொட்டியை. அங்கே இருந்தது ஒரு ஏரியளவு தண்ணீர். கரைக்கு மட்டும்தான் சீமெந்து. உள்ளே பாறையும், மண்ணும், தலைமுடிபோல அசையும் பாசியும். இரண்டு மாடி வீடொன்றை இறக்கினாலும் கூரை வெளியே தெரியாத ஆழம். ஆனால் ஆழமென்று கண் நம்பவில்லை. அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லும் கையெட்டும் தூரத்தில் கிடந்ததுபோலத் தெரிந்தது. கூட்டம் கூட்டமாக மீன்கள். அவற்றின் நிழல்கள் அவற்றைவிட்டு வெகு கீழே, மணலில் தனியாக ஓடின. நிழலுக்கும் மீனுக்கும் இடையிலிருந்த அந்தத் தூரத்தைப் பார்த்தபோதுதான் ஆழம் எனக்கு விளங்கியது.

நீ தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பி, அந்தக் குழாய்க்குள்ளால் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். கன்னத்தில் ஈரம் இருந்தது. இன்னும் தண்ணீரில் இறங்கவே இல்லை நீ.

வழியில் சின்னப் பட்டணமொன்றில் எனக்கு ஒரு பச்சைப் பஞ்சுக் குழல் வாங்கித் தந்திருந்தாய். சின்னப் பிள்ளைகள் கக்கத்துக்குள் வைத்து மிதப்பது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் ஏணியால் இறங்கினேன். தண்ணீர் குளிரவுமில்லை, சுடவுமில்லை. மாரியிலும் கோடையிலும் இதே அளவுதான் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். குழலின் ஒரு நுனியைப் பிடித்து நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஆழம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டாவது கண்ணாடியை என் முகத்தில் மாட்டினாய்.

"குனிஞ்சு பார்."

"வேண்டாமடா."

"நான் பிடிச்சிருக்கிறன். பார்."

முகத்தை வைத்தேன். மச்சான், அந்தக் கணத்தை எந்தச் சொல்லில் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குக் கீழே நிலம் இல்லை. ஆனால் விழவும் இல்லை. பறவைக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். வெயில் தண்ணீருக்குள் கயிறு கயிறாக இறங்கி அடிவரை போனது. நடுவே ஓரிடத்தில் பாறை வெடித்திருந்தது. அந்த வெடிப்பருகே மண், அடுப்பில் கஞ்சி கொதிப்பதுபோல, மெல்லப் பொங்கிப் பொங்கி அடங்கியது. ஊற்றின் வாய் அதுதான். அங்கே சத்தம் எதுவுமே இல்லை. என் சொந்த மூச்சு மட்டும் கேட்டது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயம் இருந்தது, ஆனால் அது பெரிய கோவிலுக்குள் முதன்முதல் நுழைந்த பிள்ளையின் பயம்.

நான் தலையை எடுத்ததும் நீ கேட்டாய்: "கொதிக்கிற மண்ணைக் கண்டனியோ?"

"ஓம்."

"நான் அதைத் தொட்டிட்டு வாறன்."

ஒரு மூச்சு எடுத்தாய். தலைகீழாகத் திரும்பினாய். கால் இரண்டும் வெளியே நேராக நின்று, சத்தமில்லாமல் உள்ளே போயின.

மேலேயிருந்து பார்த்தேன். உன் உடம்பு சிறுத்துக்கொண்டே போனது. நீ கைகளை அதிகம் அடிக்கவில்லை. தண்ணீரே உன்னைக் கூட்டிக்கொண்டு போனதுபோல இருந்தது. அடியில் போய், பாறையின் ஓரத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மற்றக் கையை அந்தப் பொங்கும் மண்ணுக்குள் வைத்தாய். மீன்கள் விலகி, பிறகு உன்னைச் சுற்றி வளையமாகக் கூடின.

நீ அப்படியே இருந்தாய்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இனி வருவான், இனி வருவான் என்று பார்த்தேன். நீ அசையவில்லை. அப்போதுதான் ரெஜினாவின் வசனம் என் நெஞ்சில் இடித்தது. இவ்வளவு தூரம், இவ்வளவு செலவு, ஊருக்குப் போகாமல் இங்கே வந்தது, எல்லாம் ஒரே கணத்தில் வேறொரு அர்த்தத்தில் தெரிந்தன. அங்கே காவலுக்கு ஒருவரும் இல்லை. தலையைத் தூக்கிக் கத்தினேன். கரையில் இருந்தவர்களுக்கு என் தமிழ் விளங்கவில்லை. மறுபடி முகத்தை வைத்தேன். குழலை விட்டுவிட்டால் நான் கல்லுப்போலக் கீழே போவேன் என்று தெரியும். போனாலும் உன்னட்டைத்தானே போவேன் என்று ஒரு விசர் நினைப்பு வந்தது. ஒரு கையை எடுத்தும்விட்டேன்.

அந்த நேரம் பாசிக்குள்ளிருந்து ஒரு ஆமை வந்தது. அவசரமில்லாமல், உன் இடது தோளை உரசுவதுபோல வந்து, உன் முகத்துக்குப் பக்கத்தில் சற்று நின்று, மேலே போனது. நீ திரும்பவில்லை. உன் குழாய்க்குள் அது வரவே இல்லை.

பிறகு நீ பாறையை விட்டாய். குமிழிகள் முன்னால் வர, கைகளை உடம்போடு வைத்துக்கொண்டு எழும்பினாய். வெயில் உன்னில் மறுபடி நிறமாக ஏறியது. எனக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து மூச்சு வாங்கினாய். நான் உன் தோளில் ஓங்கி அடித்தேன். கண்ணாடிக்குள் என் கண்ணீர் நிரம்பியிருந்தது. நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். விளங்கிக்கொண்டாய்.

"இல்லையடா," என்றாய். "நான் சாக வரேல்லை. பாக்க வந்தனான்."

குழலோடு என்னை ஏணிக்கு இழுத்துக்கொண்டு வந்தாய். பிறகுதான் ஆமையைப் பற்றிச் சொன்னேன்.

"எங்கை? எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். உன்ரை தோளோடை."

நீ இடது தோளைத் தடவிப் பார்த்தாய். கவலைப்படப் போகிறாய் என்று நினைத்தேன். உன் முகம் விரிந்தது.

"அப்ப நீ கண்டிருக்கிறாய். வடிவாச் சொல்லு. ஓடு என்ன நிறம்? எப்பிடி நீந்தினது?"

பின்னேரம் முழுவதும் அதுதான் எங்கள் வேலை. நீ நடுவைப் பார்த்தாய், நான் ஓரங்களைச் சொன்னேன். வலப்பக்கத்தில் மீசை வைத்த பெரிய மீனொன்று பாறைக்கடியில் படுத்திருக்கிறது என்றேன். நீ திரும்பிப் பார்த்து, "அடே" என்றாய். வெயில் சாயும்போது, தடாகத்தின் தண்ணீர் வாய்க்காலால் வழிந்து தூரத்து வயல்களுக்கு ஓடுவதைக் காட்டினேன். காய்ந்த மண்ணுக்குள் அந்தப் பழைய மழை பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது.

சில வருடங்களில் உன் குழாய் மூடிவிட்டது. வெள்ளைத் தடி பிடிக்கக் கற்றாய். ரெஜினா பயந்த அந்தக் கதைகள் உன் வாயில் பிறகு வரவில்லை. சலவைச்சாலையை விட்டுவிட்டு நான் பேருந்து ஓடத் தொடங்கியிருந்தேன். இடைவேளையில் உன் அழைப்பு வரும். "இப்ப என்ன தெரியுது?" என்பாய். ஆரம்பத்தில் நான், "பனி கொட்டுது" என்று சொல்லிவிடுவேன்.

"பனி எண்டு எனக்கும் தெரியும். எப்பிடிப் பனி?"

அதற்குப் பிறகு நான் பனியைப் பார்க்கத் தொடங்கினேன். உப்பைப்போல விழும் பனி வேறு, இறகுபோல இறங்க மனமில்லாமல் சுற்றும் பனி வேறு. உனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக, நாற்பது வயதுக்கு மேல் நான் பார்க்கப் பழகினேன். போன வருடம் இலையுதிர் காலத்தில், ஒரு காலைப்பொழுதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தாய், பிறகு எழும்பவேயில்லை என்று ரெஜினா அழைத்தாள். அன்றைக்கும் நான் உனக்குச் சொல்ல ஒன்றை வைத்திருந்தேன்: தரிப்பிடத்தில் நின்ற ஒரு கிழவர், தன் நாயின் கழுத்தில் சிவப்புச் சால்வை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

இன்று விடுமுறை. வீட்டுக்குக் கிட்ட உள்ள ஏரிக்குக் காலையில் நடந்து போனேன். இந்த வருடத்தின் முதல் பனிக்கட்டி கரையோரத்தில் பிடித்திருந்தது. கைப்பேசியை எடுக்கக் கை சட்டைப்பைக்குப் போய், சும்மா திரும்பி வந்தது. பிறகு வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். இடப்பக்கம் நாணலடியில் கண்ணாடிபோல மெல்லிசு, கீழே மஞ்சள் இலை ஒன்று அகப்பட்டிருக்கு. நடுவிலை இன்னும் உறையேல்லை, இரண்டு தாரா வாத்து நிக்குது. வலப்பக்கம் வெள்ளையா, பால் ஆடைபோல. அந்த வழியால் ஓடிவந்த நோர்வேப் பெண்ணொருத்தி காதிலிருந்த ஒலிப்பானைக் கழற்றிவிட்டு, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். இல்லை, ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நான் எதிர்க்கரையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.