டிரம்முக்குப் போட்ட பூட்டு

சென்னை,
14.6.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வராணி எழுதுவது. மாதா தயவில் நலமாக இருக்கிறேன். உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா? பட்டறையில் அரம் போடும்போது கண்ணாடி போடுகிறீர்களா என்பதை அம்மா எழுதட்டும். நீங்கள் எழுதினால் நம்பமாட்டேன்.

இங்கே மழையே இல்லை. போர் தண்ணீர் கடலாய்க் கரிக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் லாரித் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். லாரி வராத நாளில் வாசல் டிரம்மில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பினால் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நிற்கும். பக்கத்து வீட்டு கௌசல்யா மேல்தான் சந்தேகம். இந்த வெயிலிலும் அவள் துளசிச் செடி மட்டும் வாடவில்லை.

நீங்கள் செய்து கொடுத்த பூட்டை மூடியில் மாட்டினேன். "நம்ம பூட்டுக்கு வேற சாவி சேராது தாயி" என்பீர்களே, அந்தத் தைரியம்தான்.

நேற்று லாரி வந்திருக்கிறது. என் டிரம் மட்டும் காலி. கௌசல்யாவிடம் கேட்டேன்.

"பூட்டிக்கினு போய்ட்டா எப்டி ஊத்துறது? லாரி வர்றப்பல்லாம் நாந்தான குடத்துல புடிச்சு ஊத்தறேன்" என்றாள்.

லாரிக்காரர் நிரப்புகிறார் என்றே இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள, இங்கே யாரோடும் எனக்குப் பேச்சில்லை.

கவலைப்படாதீர்கள், குளிக்க அவளே ஒரு குடம் கொடுத்தாள். வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அவளிடம் கொடுக்கவேண்டும். சிறுமலைப் பழமும் இரண்டு சீப்பு அனுப்புங்கள். ஒன்று அவளுக்கு.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சாக்பீஸ் கோட்டை மட்டும் நான் இன்னும் அழிக்கவில்லை, அப்பா.

உங்கள் மகள்,
செல்வராணி