தண்ணீர்ப்பந்தல் இல்லாத வழி

அக்கா,

உங்கள் அலுமாரிக்குள் இருக்கும் கற்பூர வாசம் இந்தச் சாவியிலும் ஏறியிருக்கிறது. மூன்று தரம் கழுவினேன், போகவில்லை. என் மனுசனின் சைக்கிள் சாவி. சிவப்பு நூலையும் பச்சை நூலையும் பின்னி அதில் முடிந்து கொடுத்தவள் நான்தான். உங்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஒளித்து வைத்தீர்கள்.

நீங்கள் போய், முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்து உங்கள் சேலைகளைப் பிரிக்கும்போது, ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் கிடந்ததாம். திங்கட்கிழமை உங்கள் மகள் கொண்டுவந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றே, உங்கள் தம்பி சொன்னதைச் சொன்னாள்.

“இறக்கக்கண்டி மாமாவைக் கேட்டனான் அன்ரி. அவர்தான் அங்கிளின்ரை உடம்பைக் கரையில கண்டவராம். அங்கிளின்ரை மடியில இது இருந்ததாம். அந்த நேரம் ஊருக்குக் கொண்டுவர ஏலாது, அங்கையே மணலுக்குள்ள தாட்டவையாம். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு அம்மா மாமாட்டைச் சத்தியம் வாங்கினவ.”

பதினொரு வருடம், அக்கா. நிலாவெளியில் தமக்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனவர் எங்கேயோ பிடிபட்டு, ஏதோ ஒரு முகாமில் இருக்கிறார் என்று பதினொரு வருடம் நம்பினேன். அவர் திரும்பி வரவேண்டும் என்று வெள்ளி பிடித்தேன், சஷ்டி பிடித்தேன், கௌரி காப்புக் கட்டினேன். பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் பாரணைக்குக் கறி தந்தது நீங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் அம்மன் கோயிலில் புராணம் படிக்கத் தொடங்கியது அவர் போவதற்கு முதலே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சீர் பிரித்துப் படிக்க நானாகவே பழகிக்கொண்டேன். நான் பாட்டை வாசிப்பேன், நீங்கள் அதற்குப் பொருளாகப் பயன் சொல்வீர்கள். யமபுரிக்குப் போகும் வழியைச் சொல்லும் பகுதி வந்தால் பெண்கள் நெருங்கி இருப்பார்கள். யமனுக்குக் கணக்கெழுதும் சித்திரபுத்திரரைப் பற்றிச் சொல்லும்போது என் பக்கம் கையைக் காட்டுவீர்கள்.

“இவளைப் போலத்தான் அவரும், எந்த நேரமும் கொப்பியும் கையும். ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தாரெண்டால் எங்களிலை பாதிப் பேர் தப்பிடுவம்.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும்.

அந்த வழியை நான் மனப்பாடமாக அறிவேன். இறந்தவருக்கு முதல் பத்து நாளும் போடும் பிண்டத்தில்தான் தலையும் கழுத்தும் மார்பும் ஒவ்வொன்றாக உண்டாகும். அந்த உடம்போடு ஒரு வருடம் நடக்க வேண்டும். நிழல் இல்லை, நீர் இல்லை. பிள்ளைகளோ உரியவர்களோ மாதாமாதம் விடும் தண்ணீர்தான் அவரைப் போய்ச் சேரும். விட ஆளில்லாதவர் வைதரணிக் கரையில் தாகத்தோடு நிற்பார். பாட்டில் அப்படித்தான் இருக்கிறது.

அவர் காணாமல் போன அந்த வருடம் ஆடியில், இந்த இடத்தில் நீங்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்தீர்கள். வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் இருக்கிறதாம். ஆளில்லாதவர்களுக்கென்று யமனே போட்டு வைத்தானாம். பந்தலில் ஒரு கிழவி இருந்து, யார் எவர் என்று கேளாமல் மோர் வார்ப்பாளாம்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “அக்கா, அது பாட்டிலை இல்லையே?”

“எழுதினவருக்கு அண்டைக்குத் தாகம் இருந்திராது. எடியே, பேசாமல் வா, ஆமிச் சென்றியிலை செக் பண்ணுறாங்கள்.”

நானும் அடையாள அட்டையை எடுத்தேன். அந்த மோர் யாருக்கு என்று இப்போதுதானே தெரிகிறது. மணலுக்குள் கிடந்த என் மனுசனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடாமல் என்னைத் தடுத்துவிட்டு, அவருக்கு ஒரு பந்தலைக் கதையில் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் மகளின் கல்யாணத்தை நினைக்கத்தான் உடம்பு கூசுகிறது. ஆராத்தித் தட்டை என் கையில் தந்தீர்கள். மாப்பிள்ளை பகுதியில் ஒரு அம்மா எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னா: “புருசன் எங்கையெண்டே தெரியாத மனுசியைக் கொண்டோ ஆராத்தி எடுக்கிறது?”

“கழுத்திலை தாலி இருக்கோ இல்லையோ? கண் தெரியாட்டி முன்னுக்கு வந்து பாருங்கோ” என்றீர்கள். உங்களை நினைத்து அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன். அந்தத் தட்டை ஏந்தியவள் தாலி அறுக்க வேண்டியவள் என்று அங்கே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். பெற்ற பிள்ளையின் கல்யாணத்திலேயே துணிந்தீர்கள். அதை அன்பு என்று சிலர் சொல்லக்கூடும். என் நெற்றிப் பொட்டைக் காப்பாற்றினீர்கள். அவருடைய தாகத்தை யார் பார்த்தது? அம்மன் முன்னால் என்னைப் பதினொரு வருடம் பொய்க்காரியாக நிற்க வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

செவ்வாய்க்கிழமை ஐயரிடம் போனேன். “திதி என்னம்மா?” என்றார். தெரியாது என்றேன். சாவியை உங்களிடம் தந்த உங்கள் தம்பிக்கே நாள் நினைவில்லை, ஆனி மாதம் என்று மட்டும் சொன்னாராம். கரையில் கண்ட நாள் தெரிந்தால் அதையே திதியாக எடுக்கலாம், அதுவும் தெரியாவிட்டால் ஆடி அமாவாசையில் செய்யலாம் என்றார் ஐயர். ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு நாளில், கூட்டத்தோடு கூட்டமாக. அவருக்கென்று ஒரு நாளைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை என்று நினைத்து அழுதேன். அவர் இல்லை என்று தெரிந்த பிறகு அழுதது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து என் கொப்பிகளை இறக்கினேன். எந்த நாள், என்ன விரதம், என்ன படித்தோம், யார் வந்தது என்று நான் எழுதிவைப்பது உங்களுக்குப் பகிடி. அவர் போன ஆனியைத் தேடினேன். அவர் போய் ஐந்தாம் நாள், என் கையெழுத்திலேயே இருந்தது: ‘தேய்பிறைத் தசமி. அக்கா வந்தா. தேத்தண்ணியும் குடிக்கேல்லை. விரதமாம்.’

அடுத்த வருடக் கொப்பியை எடுத்தேன். ஆனி, தேய்பிறைத் தசமி, அக்கா விரதம். அதற்கடுத்த வருடமும் அப்படியே. நாங்கள் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த வருடம், கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதுகூட அன்று நீங்கள் வாங்கவில்லை. ஏகாதசிக்கு விரதம் பிடிப்பார்கள். தசமிக்கு யார் பிடிக்கிறது? இத்தனை விரதம் தெரிந்த நான் அதைக் கேட்டிருக்கிறேன். ‘நேர்த்தி என்று சொன்னா’ என்று அதையும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுக் கொப்பியை மூடியிருக்கிறேன்.

என்னிடமிருந்து பறித்த அவருடைய திதியை நீங்கள் தனியே இருந்து செய்திருக்கிறீர்கள். அது என் வயிறு காய வேண்டிய நாள், அக்கா.

நேற்று வெள்ளிக்கிழமை. பொட்டில்லாமல் திருநீற்றோடு கோயிலுக்குப் போனேன். பெண்கள் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் இல்லாததால் வாசிப்பும் பயனும் என் தலையில். யமபுரி வழி வந்தது. பாட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நிழல் இல்லை, நீர் இல்லை என்று சொல்லி, அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தின் ஒற்றையைத் திருப்பினேன்.

தூணடியில் சல்லிக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை இருந்தாள். அவளுடைய மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் மூன்று வருடம். மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, தண்ணிப்பந்தலை விட்டிட்டியள்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகத்தில் விரல் அப்படியே நின்றது. உங்கள் மேல் இருந்த கோபத்தோடேயே, திருப்பிய ஒற்றையைப் பின்னுக்குப் புரட்டினேன்.

“ஓம் பிள்ளை, இருக்கு” என்றேன். “ஒரு கிழவி இருக்கிறா. மோர் வார்ப்பா.”

வருகிற ஆனித் தேய்பிறைத் தசமியில் அவருக்குச் செய்விக்கிறேன். அன்று விரதம் எனக்கு. உங்களுக்கு உங்கள் மகள் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். உங்களுக்கும் தண்ணீர் விட உங்கள் பேரை ஐயரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் நேற்றைய கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘வெள்ளி. யமபுரி வழி படித்தோம். இல்லாத பந்தலை இருக்கென்று சொன்னேன். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாளாம்.’